தில்லியில் வாங்கிய பைக்கை ஜனவரிக் குளிரில் மதுரை வரை ஓட்டி வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தில்லியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம்மவர்களில் பலருக்கு, அங்கேயே ஒரு பழைய பைக்கை வாங்கி அதிலேயே வீடு வந்து சேர வேண்டும் என்ற ஆசை ஒருமுறையாவது எழுந்திருக்கும். வழியில் குழப்பம் ஏதும் இல்லை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, தில்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு, சேலம் வழியாக மதுரைக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. தூரம் 2,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், புறப்பாடு ஜனவரி முதல் வாரத்தில் விழும். வட இந்தியாவில் மூடுபனி உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே.

இந்தப் பயணத்தில் நமக்குத் தெரியாதவை இரண்டு. ஒன்று, நேற்றுவரை வேறொருவர் கையில் இருந்த வண்டியின் குணம். மற்றொன்று, மதுரைக்காரர் உடம்பு பழகியிராத வடக்கத்திக் குளிர். இவ்விரண்டையும் ஒரே காலையில் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாது என்பதை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன்.

படி 1: வாங்கும்போதே ஊர்ப் பதிவை நினைத்து வாங்குதல்

தில்லியில் பழைய பைக்குகள் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததை, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிப்படுத்தியது. எனவே பதினைந்தை நெருங்கும் வண்டிகளைக் கைமாற்றிவிடப் பலரும் துடிப்பார்கள். விலையைப் பார்த்து மயங்காமல், ஆர்.சி.யில் உள்ள பதிவு நாளை முதலில் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை இத்தனை தூரம் கொண்டுவந்து, தமிழ்நாட்டில் மீண்டும் வரி கட்டிப் பதிவதில் லாபமில்லை என்பது என் கருத்து.

அடுத்து, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகத் தேவையான தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் அதை நீக்கப் படிவம் 35 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் வேண்டும். கட்டப்படாத அபராதம் நிலுவையில் இருந்தால் தடையின்மைச் சான்று நின்றுவிடும் என்பதால், மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற, உரிமை கைமாறிய 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. வழியில் வண்டி சேதமானால், பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசியை வைத்துக்கொண்டு உங்களால் எதுவும் கேட்க முடியாது. புகைச் சான்றும், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தம் புதிய வண்டியை வாங்கிப் புறப்படுவோருக்கு ஒரே ஒரு கூடுதல் கவலைதான். முதல் சர்வீஸ் பெரும்பாலான வண்டிகளுக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். அதாவது குவாலியருக்கும் சாகருக்கும் இடையில் எங்கோ வரும். அந்த ஊர்களில் ஒன்றில் முன்கூட்டியே நாள் குறித்துவிட்டு, அதுவரை ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் போதும்.

படி 2: வண்டியைத் தெரிந்துகொள்ளுதல்

வாங்கிய அன்றே புறப்படுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்யவிருந்தேன். எனக்கு விற்றவர் பேட்டரி புதியது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெப்பம் ஆறு டிகிரியில் இருந்தபோது ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு விளக்குகள் மங்கின. முந்தைய நாள் மதியம் வெயிலில் சோதித்தபோது அதே பேட்டரி ஒரே அழுத்தில் என்ஜினைச் சுற்றியிருந்தது. குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது, என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுற்றுவதற்குக் கூடுதல் விசை கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால் அரைகுறை பேட்டரி உடனே அம்பலமாகிவிடும். ஆகவே வண்டியை வாங்குமுன் அதிகாலையில், என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பதே உண்மையான சோதனை. மல்டிமீட்டர் கிடைத்தால், என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். ஓடும்போதும் பதின்மூன்றைத் தொடவில்லை என்றால், கோளாறு சார்ஜிங்கில் இருக்கலாம். பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிறகு நம்பகமான மெக்கானிக்கிடம் ஒரு முழு நாள் வண்டியை விடுங்கள். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் எப்போது மாற்றப்பட்டன என்று விற்றவர் சொல்வதைப் பொருட்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரமே போதும், குளிருக்கென்று மாற்றத் தேவையில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், பிரேக் ஆயில் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹாண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் ‘கடக்’ என்று உட்கார்ந்தால், கோன் செட் (ஹாண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை அப்படியே விட்டால், மூடுபனியில் மெல்லச் செல்லும்போது வண்டி தள்ளாடுவதை நீங்கள் குளிரின் குற்றமாக நினைத்துக்கொள்வீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும், ஐந்தாறு ஆண்டு கடந்த ரப்பர் இறுகியிருக்கும். குளிர்ந்த, ஈரமான சாலையில் அதன் பிடிமானத்தை நம்பக் கூடாது. இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிளட்ச் வயர் விஷயத்தில் பழைய ஆட்கள் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும். புதிய வயர் ஒன்றை வாங்கி, பழையதன் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வழியில் பழையது அறுந்தால், டேங்கைக் கழற்றாமல் முனைகளை மட்டும் மாற்றிக் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம். விறைத்த விரல்களோடு சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மெக்கானிக்கிடமிருந்து வந்ததும் சோதனை ஓட்டமாக முர்த்தல் வரை போய் வாருங்கள். தில்லிக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், இதே 44-ஆம் எண் சாலையில், பராட்டா தாபாக்களுக்குப் பேர்போன ஊர் அது. வெண்ணெய் உருகும் பராட்டாவைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபின், இரவு என்ஜினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் ஆயில் பொட்டுகள், விற்றவர் சொல்லாத கதையைச் சொல்லும். முடிந்தால் இன்னொரு நாளும் நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். 200 கிலோமீட்டருக்குள் வெளிப்படாத சிறு கோளாறுகள் குறைவு.

படி 3: காற்றைத் தடுக்கும் உடுப்பு

தில்லியில் நடந்து செல்பவரின் குளிரும் வண்டியோட்டியின் குளிரும் ஒன்றல்ல. காற்றும் வெப்பநிலையும் சேர்ந்து உடலில் உண்டாக்கும் உணர்வைக் கணக்கிடும் வாய்பாட்டின்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி போல இருக்கும். ஆகவே கம்பளியை அடுக்கிக்கொண்டே போவதைவிட, வெளியே ஒரு காற்றுப்புகா அடுக்கைப் போடுவதே முக்கியம். வியர்வையை இழுத்துத் தேக்கும் பருத்தி பனியனைத் தவிர்த்து, தோலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் பாதுகாப்புப் பட்டைகள் உள்ள ரைடிங் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே சாதாரண மழைக்கோட்டு என்ற வரிசை போதுமானது. மழையே இல்லாத மாதத்தில் மழைக்கோட்டா என்று கேட்பார்கள். காற்றை அதைவிட மலிவாகத் தடுக்கும் பொருள் வேறில்லை. ஜாக்கெட்டுக்குள் மார்பில் ஒரு செய்தித்தாளை மடித்து வைப்பதும் உண்மையாகவே பயன் தரும்.

முதலில் விறைப்பவை விரல்கள். கிளட்சையும் பிரேக்கையும் இயக்குபவை அவையே என்பதால் இது வெறும் வசதிக்கான விஷயமன்று. தடித்த கையுறைக்குள் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் காற்று உள்ளே வராது. கழுத்தில் சுற்றும் துணியையும் மறக்க வேண்டாம். அதற்குக் குளிரைத் தவிர வேறொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன். ஹெல்மெட்டின் கண்ணாடி கறுப்பாக இல்லாமல் தெளிவானதாக இருக்கட்டும். உள்பக்கத்தில் மூச்சுக்காற்று படிந்து மங்குவதைத் தவிர்க்க, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைத் தேய்த்து, ஈரமின்றித் துடைத்துவிட்டால் அரை நாள் தாங்கும்.

படி 4: கிலோமீட்டரில் அன்று, வெளிச்சத்தில் திட்டமிடுதல்

ஜனவரி முதல் வாரத்தில் தில்லியில் சூரியன் 7.15 மணியளவில் உதித்து, மாலை 5.40-க்குள் மறைகிறது. மூடுபனி நள்ளிரவுக்குப் பின் அடர்ந்து, பல நாட்களில் காலை ஒன்பது பத்து மணி வரை விலகாது. ஆகவே முதல் இரண்டு நாட்களுக்கு உங்கள் கையில் உள்ளது காலை பத்து முதல் மாலை ஐந்தரை வரையிலான ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதே. தேநீருக்கும் உணவுக்கும் பெட்ரோலுக்கும் ஒன்றரை மணி நேரம் போனால், 300 கிலோமீட்டர் என்பதே நேர்மையான கணக்கு. கோடையில் ஒரே நாளில் 600 ஓட்டிய பெருமையை இங்கே எடுத்துவர வேண்டாம்.

முதல் நாள் தில்லியிலிருந்து குவாலியர், இரண்டாம் நாள் ஜான்சி, லலித்பூர் வழியாகச் சாகர், மூன்றாம் நாள் நாக்பூர், நான்காம் நாள் ஹைதராபாத்தின் வடக்கு எல்லையில் உள்ள மேட்சல், ஐந்தாம் நாள் அனந்தபூர், ஆறாம் நாள் சேலம், ஏழாம் நாள் மதிய உணவுக்கு மதுரை. இது என் பரிந்துரை. நான்காம் நாள் மட்டும் 450 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குள் மூடுபனி பின்தங்கிவிடுவதால் விடிந்ததும் புறப்படலாம். இந்த ஏழு நாட்களோடு ஓர் உபரி நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காலையிலும் ‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை அந்த உபரி நாள்தான் தரும்.

படி 5: மூடுபனியில் ஓட்டுதல்

பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறை அதை அடர்ந்த மூடுபனி என்கிறது. 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்ந்தது. ஐம்பது மீட்டர் என்பது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றே விநாடிகளில் கடந்துவிடும் தூரம். அத்தகைய பனியில் ஓட்டும் உத்தி எதையும் நான் சொல்லப் போவதில்லை. அறையிலிருந்து வெளியேறாதீர்கள் என்பது ஒன்றே சொல்லத்தக்கது.

நடுவழியில் சிக்கிக்கொண்டால் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் வைத்தால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். சாலையின் இடது வெள்ளைக் கோட்டைத் துணையாகக் கொள்ளுங்கள். ஆனால் அந்த விளிம்பில்தான் லாரிகளை நிறுத்தி வைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் இடையில் பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னே செல்லும் லாரியின் சிவப்பு விளக்கைப் பின்பற்றுவது நல்ல வழியே, இடைவெளி போதிய அளவு இருந்தால் மட்டும். நிற்க வேண்டும் என்றால் சாலையோரத்தில் நிற்காமல், பெட்ரோல் பங்குக்கோ தாபாவுக்கோ உள்ளே போய்விடுங்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டும் என்பதால் பைகளின் பின்புறத்தில் ஒளிர் டேப் ஒட்டுங்கள். பை எதுவும் பின்விளக்கை மறைக்கக் கூடாது.

என் நினைவில் நிற்கும் காட்சி மதுராவுக்கு முந்தைய ஒரு தாபா. கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி முத்து முத்தாகக் கோத்து, துடைத்த மறு நிமிடமே மீண்டும் படிந்துகொண்டிருந்தது. உள்ளே போய் மண் குவளைத் தேநீரை இரு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தபோதுதான், சூடு உறைக்கவே அரை நிமிடம் ஆனதைக் கவனித்தேன். அந்த அரை நிமிடத்தைக் கவனிக்கப் பழகுங்கள். உடல் நடுங்குவது, கியர் மாற்றத் தடுமாறுவது, பலகையில் உள்ள ஊர்ப் பெயரைப் படித்தும் மனத்தில் பதியாமல் போவது ஆகியவை உடல்வெப்பம் இறங்குவதன் அடையாளங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்து, சூடாக ஏதாவது குடித்துவிட்டே ஏற வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மது சூடேற்றுவதுபோல் தோன்றினாலும் உடல்வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். டயரும் சற்றுச் சூடேறிப் பிடிமானம் பெறும்.

படி 6: வழிநெடுக அறிய வேண்டியவை

தோல்பூரைக் கடந்ததும் சம்பல் ஆறும் அதன் மண்மேட்டுப் பள்ளத்தாக்குகளும் வரும். அடுத்த ஊரான மொரேனாவில் எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் கஜக் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ஓட்டுபவருக்கு அதைவிடச் சிறந்த நொறுக்கு எனக்குத் தெரியாது. சாகரைத் தாண்டி நர்மதையைக் கடந்தபின் மூடுபனியின் பயம் பெரும்பாலும் விடும். சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையில் சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்கிறது. விலங்குகள் கீழே கடந்துபோகச் சாலையையே பாலமாக உயர்த்தியிருக்கிறார்கள். அங்கே இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள்.

நாக்பூருக்குத் தெற்கே குளிர் முடிந்தது என்று கம்பளியை மூட்டை கட்டுவோர் அடிலாபாத்தில் ஏமாறுவார்கள். தெலங்கானாவின் குளிர்ந்த பகுதிகளில் அது முதன்மையானது, விடியற்காலையில் பத்து டிகிரிக்குக் கீழே போவது அங்கே வழக்கம். ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மெஹ்திபட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை செல்லும் மேம்பாலச் சாலையிலும் அப்படியே. ஆகவே மேட்சலில் தங்கி, அதிகாலையில் நகரின் உள்ளே புகுந்து கடப்பதே எளிது.

கழுத்துத் துணிக்கு இன்னொரு காரணம் உண்டு என்றேன் அல்லவா? அது பட்டம். சங்கராந்தியை ஒட்டிய நாட்களில் மத்தியப் பிரதேசத்திலும் ஹைதராபாத்திலும் வானமெங்கும் பட்டங்கள் பறக்கும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சாலையின் குறுக்கே கழுத்தளவில் தொங்கினால், வேகத்தில் வரும் வண்டியோட்டியின் தொண்டையை அறுத்துவிடும். நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடைசெய்த பிறகும், ஒவ்வொரு ஜனவரியிலும் உயிர்ப்பலிகள் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஊர்களுக்குள் நுழையும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, கழுத்தைத் தடித்த துணியால் மூடி, வேகத்தை நாற்பதுக்குக் குறையுங்கள்.

கர்நூலில் துங்கபத்திரையைக் கடக்கும்போது மதிய வெயில் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும்; அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டயர் காற்றையும் மறுபடி அளந்து, குறிப்பிட்ட அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி மாறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு புள்ளி (psi) மாறும்; தில்லிக் குளிரில் சரியாக நிரப்பியது இங்கே கூடுதலாகக் காட்டும். எப்போதும் காலையில், ஓட்டுவதற்கு முன்பே அளவிடுங்கள். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடுவதையும் மாலையில், செயின் சூடாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

பெங்களூருவின் நெரிசல் பிடிக்காதவர்கள் தேவனஹள்ளியில் விலகி, ஹொஸ்கோட்டை, மாலூர் வழியாக ஓசூர் வந்து சேரலாம். தருமபுரி கடந்ததும் வரும் தொப்பூர்க் கணவாயில் நீங்கள் இறங்கும் திசையில்தான், பிரேக் பிடிக்காத லாரிகளால் பெரிய விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. தமிழ்ப் பலகைகளைப் பார்த்த மகிழ்ச்சியில் வேகமெடுக்கும் இடமன்று அது. கியரைக் குறைத்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே சிக்காமல், பின்புறக் கண்ணாடியைப் பார்த்தபடி இறங்குங்கள்.

படி 7: வந்து சேர்ந்த பிறகு

மறுநாளே ஆயில் அளவையும் செயின் தொய்வையும் பிரேக் பேடையும் பாருங்கள். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்றாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அந்தக் கெடுவை முழுவதும் பயன்படுத்தலாம் என்று இருந்துவிடாமல், தடையின்மைச் சான்று கையில் இருக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, இங்குள்ள சாலை வரியைக் கட்டுங்கள். ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். பல மாநிலத்துப் புழுதியும் செயின் எண்ணெயும் சேர்ந்து அந்த எண்களை மூடியிருக்கும். ஆகவே முந்தின இரவே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டுமாவது துடைத்து வையுங்கள்.